பிடியரிசிக்குள் போன செல்போன்

காலை ஏழு நாற்பதுக்கு என் மகளின் செல்போன் குளியலறை வாளிக்குள் விழுந்தது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், அன்று விடிந்ததிலிருந்தே நான் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு வளைகுடாவில் ஒரு மருத்துவமனையிலிருந்து மகளைக் கூப்பிடுவார்கள். முதல் சுற்றுத் தேர்வு வெறும் போன் பேச்சு. நமக்கு ஞாயிறு, அவர்களுக்கு வேலை நாள். நர்சிங் முடித்து இரண்டு வருடமாக அவள் காத்திருந்த அழைப்பு அது. கூப்பிடும்போது எடுக்காவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், பிறகு எப்போது மேலே வரும் என்று தங்களுக்கே தெரியாது என ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள்.

குளியலறைக்குள் போனை எதற்குக் கொண்டுபோனாள் என்று யாரும் கேட்கலாம். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கிறதாம். ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் போன் வழுக்கிவிட்டது.

நான் ஓடிப்போய் வாளிக்குள் கையை விட்டு எடுத்தேன். திரை கறுத்துக் கிடந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்தியது அடுக்களையில் நின்ற அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. நானும் உதட்டில் விரல் வைத்தேன். எங்கள் வீட்டில் எந்த ஆபத்து வந்தாலும் முதலில் அதை என் மனைவியிடமிருந்து மறைப்போம், பிறகுதான் ஆபத்தைக் கவனிப்போம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவன். நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று எங்கள் ஆசிரியர் குழுவில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்திருந்தேன். அரிசிப் பானைப் பக்கம் மனைவி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கதவோரத் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது, அதிலும் அரிசி. போனைத் துடைத்து, அடிவரை அழுத்திப் புதைத்து, மேலே அரிசியை நிரவி மூடினேன்.

"ரெண்டு மணிக்கூறு தொடப்பிடாது," என்று மகளிடம் சொன்னேன். "தொட்டா ஈரம் திரும்ப ஏறிரும்." இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. பயத்தில் இருக்கிற தகப்பனுக்கு அறிவியல் தானாகவே ஊறும். சிம்மை எடுத்து என் போனில் போடலாம் என்பது மட்டும் மறுநாள்தான் தோன்றியது.

மனைவி ஒன்பது மணிக்கு ஒரு துணிப்பையோடு ஆலயத்துக்குக் கிளம்பிப் போனாள். நாங்கள் இருவரும் அவளுக்கு அளவுக்கு மீறிய அன்போடு விடைகொடுத்தோம். பத்து மணிக்கு மகள் அடுக்களைக்குப் போனாள். போனவள் அங்கிருந்து கூப்பிட்ட குரலை இன்று நினைத்தாலும் எனக்குப் பயமும் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

"அப்பா, டின்னைக் காணல்ல!"

அந்த டின்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமையலுக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு டின்னில் போடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த டின் ஆலயத்துக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் கை அரிசிப் பானையிலிருந்து அந்த டின்னுக்குப் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். ஃபேன் சுற்றுவதைப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறேன். அரிசி அங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று முதல் ஞாயிறு என்பதும் எனக்கு நினைவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஏஜென்சி ஆளை என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருந்தேன், ஞாயிறு என்பதால் அணைத்து வைத்திருந்தான். மருத்துவமனையின் எண் எங்களிடம் இல்லை, அவர்கள்தான் கூப்பிடுவார்கள். ஆக, உலகத்தில் மகளுக்கும் அந்த வேலைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு டின்.

ஆலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மனைவி பெண்கள் பக்கம் முன்னால் இருந்தாள். அவள் சேலைக் கரையில் சேறு தெறித்திருந்தது, எங்கேயோ போய்விட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தவள் போல. திரும்பிப் பார்த்தபோது கையைக் காதில் வைத்துப் போன் என்று காட்டினேன். புருவத்தைச் சுருக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அடுத்த முறை இரண்டு கையாலும் டின்னைக் காட்டி, அதற்குள் எதையோ அமுக்கிக் காட்டி, வானத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. பிரசங்கம் செய்த போதகர் பார்த்துவிட்டார். நான் மனந்தொடப்பட்டுவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும், முடிக்கப்போன பிரசங்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

கடைசியில் அவளே எழுந்து வெளியே வந்தாள்.

"காதுல என்ன, பூச்சி கேறிச்சா?"

"போன். பிள்ளைக்கப் போன். டின்னுக்குள்ள."

"எந்த டின்னு?"

"பிடியரிசி டின்னு."

"அதுக்குள்ள எப்படிப் போச்சு? நடந்து போச்சா?"

"வாளியில விழுந்துச்சு. ஈரம் இழுக்கட்டும்னு நான்தான் புதைச்சு வச்சேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சயின்ஸ் வாத்தியாரு," என்றாள். பிறகு, "நானும் நினைச்சேன். இந்த மாசம் டின்னு நல்ல கனமா இருக்கே, மனுசனுக்கு மனசு எளகி நாலு பிடி கூடப் போட்டிருக்காருன்னு. ஒங்களுக்காக ஒரு ஸ்தோத்திரம் வேற சொன்னேன்."

"அரிசி எங்க?"

"போயாச்சு."

அப்போதுதான் நான் கேட்டேன், அவளும் சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதற்கென்று இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற டீச்சர். டின்களை ஆலயத்தின் பின்னறையில் கொண்டுவந்து வைப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பார்க்கக் கூடாது, குறைவாகப் போட்டவளுக்குக் கூச்சம் வரும். அதனால் துணிப்பையின் வாயை டின்னின் வாயில் தொப்பி போல மாட்டி, அப்படியே கவிழ்ப்பார்கள். இரண்டு மூன்று டின்னுக்கு ஒரு பை. பிறகு ஆராதனை தொடங்கி ஊர் முழுக்க ஆலயத்துக்குள் இருக்கும் நேரம் பார்த்து, டீச்சரின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்புவார்கள். ஒரு வேளை உலைக்குக் கணக்குப் பார்க்கிற வீடுகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். நம்ம சபையா, வேறு சபையா, கோயிலுக்குப் போகிறவர்களா என்பதெல்லாம் கிடையாது. அடுக்களை வாசலில் பையை வைத்துவிட்டு, குரல் கொடுக்காமல் திரும்பிவிடுவார்கள். வாங்குகிறவர் யாரிடமும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. அந்தப் பெயர்கள் போதகருக்கும் தெரியாதாம்.

கொடுப்பவள் முகமும் தெரியாது, வாங்குபவள் முகமும் தெரியாது. இவ்வளவு அழகான ஏற்பாட்டின் நடுவில் நான் ஒரு செல்போனை நுழைத்திருந்தேன்.

"எந்தெந்த வீடுன்னு சொல்லு. நான் ஓடிப் பாத்துட்டு வந்துருதேன்."

"சொல்ல மாட்டேன்."

"நான் ஒன் புருசன்."

"புருசன்கிட்டச் சொல்லப்பிடாதுன்னுதான் சட்டமே."

இதற்குள் டீச்சரும் வெளியே வந்துவிட்டார். "என்ன சாரே, ஒரே வெப்ராளமா இருக்கு?" என்றார். எங்கள் ஊரில் பதற்றம் எல்லை மீறினால் அதற்கு வெப்ராளம் என்று பெயர். என்னோடு கூடப் பிறந்தது அது. விஷயத்தைக் கேட்டதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார், மறுபடி வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனைவி சிரிக்கவில்லை. "டீச்சர், நான் என்ன செய்யட்டும்? போனைக் காணல்ல, அரிசிப் பையைக் காட்டுங்கன்னு போய் நின்னா அவங்க என்ன நினைப்பாங்க? எடுத்துட்டாங்கன்னு நாம சந்தேகப்படுதோம்னு நினைக்க மாட்டாங்களா? அடுத்த மாசம் அந்தப் பையைத் தொடுவாங்களா?"

அதற்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்: "பிள்ளை படியில உக்காந்து அழுதிட்டிருக்கா."

ஆலயத்துக்குள் பாட்டு தொடங்கியது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றாள்.

வழி கண்டுபிடித்தது டீச்சர்தான். "தேங்கா," என்றார்.

"என்ன தேங்கா?"

"ஒங்க வீட்டுல தேங்கா கெடக்கு இல்லியா? வீட்டுக்கு ஒண்ணு எடுப்போம். அரிசியோட வைக்க வேண்டியது, மறந்து போச்சுன்னு கொண்டு குடுப்போம். இண்ணைக்கு ஒருநாள் நம்ம மொகம் தெரிஞ்சாலும் போவட்டும். குடுக்கும்போது, அரிசியில வண்டு இருக்குன்னு ஒரு பேச்சு, ஒருக்கா பாத்துக்கிடுங்கன்னு சொல்லுவோம். அவங்களே கவுத்துப் பாப்பாங்க. சந்தேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

முப்பது வருடம் பள்ளியில் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டவர், தாமாக ஒன்று சொல்லும்போது அது எவ்வளவு சுத்தமாக இருந்தது!

வீட்டுக்கு ஓடி வந்து தேங்காய் உரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக உரித்ததில்லை. இரண்டு கையிலும் தோல் போனது. மகள் பக்கத்தில் நின்று, "அப்பா, ஒங்க பலவீனம் என்னன்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். போனே இல்லாத தேர்வுக்கு இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "ஒங்கப்பான்னு சொல்லு," என்றேன்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஸ்கூட்டரில் டீச்சரும் மனைவியும், பின்னால் பைக்கில் தேங்காய்ச் சாக்கோடு நான். எனக்குக் கடுமையான நிபந்தனை. அவர்கள் நிறுத்தும் இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட வேண்டும். தேங்காயைக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எந்தச் சந்துக்குள் போகிறார்கள் என்று பார்க்கக் கூடாது.

ரப்பர் தோட்டத்து வளைவில் முதுகைக் காட்டி நின்றேன். ஓடைப் பாலத்தில் முதுகைக் காட்டி நின்றேன். சாரலில், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், சாக்கோடு, ஒரு மதிலைப் பார்த்தபடி நிற்கிற மனிதனை ஊர் சும்மா விடுமா?

"என்ன சாரே, தேங்கா யாவாரமா?" என்றான் என்னிடம் படித்த ஒருவன், பைக்கை மெதுவாக்கி.

"இல்லப்பா, சும்மா."

"சும்மாவா!" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலத்துக்குள் நான் வேலையை விட்டுவிட்டுத் தேங்காய்க் கடை போடப்போகிறேன் என்று ஊரில் பேச்சு.

நின்ற இடமெல்லாம் மகளின் எண்ணை அடித்துக்கொண்டே இருந்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. அவளிடம் கூட ஒருமுறை, "கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா," என்று கேட்டுவிட்டேன்.

ஒரு வீட்டிலிருந்து மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"கெடச்சுதா?"

"அரிசியை உலையில போட்டாச்சு."

"ஐயோ! போனு?"

"டீச்சர் நல்ல வாசனை வருதேன்னு சொல்லிட்டுக் கரண்டியைப் போட்டு அடிவரைக்கும் கிண்டிப் பாத்துட்டாங்க. ஒண்ணும் தட்டல்ல. சோறுதான்." அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்தேன், பயத்தோடேயே. வெந்த போன் வேலை செய்யுமா என்று என் மூளையின் ஒரு மூலை அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தது.

பார்க்கக் கூடாது என்றாலும் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. ஒரு சந்து முனையில் திரும்பும்போது, உள்ளே ஒரு கொடியில் நனைந்தபடி கிடந்த சட்டையைப் பார்த்தேன். அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். பல ஞாயிறு ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், அதன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை உடுத்துகிறவர் காணிக்கைத் தட்டு வரும்போது ஒருநாளும் கையை மடக்கியதில்லை. சட்டென்று திரும்பி, அதுவரை நின்றதைவிட இன்னும் நன்றாக முதுகைக் காட்டி நின்றேன். அது யார் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் என் வீட்டில் எனக்கு அரிசி அளக்க மாட்டார்கள்.

கடைசி வீடு சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரையில். அங்கே போய்ச் சேரும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. மனைவியும் டீச்சரும் கடைசித் தேங்காயோடு உள்ளே போனார்கள். நான் கலுங்குப் பாலத்தின் ஓரத்தில் நின்று மகளின் எண்ணை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தக் குரல்காரி சொல்வாள், நானும் சரி என்பேன், அவ்வளவுதான் மிச்சம் என்று நினைத்து அடித்தேன்.

"நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மறுபடி அடித்தேன். வேறொரு அழைப்பில் உள்ளார். மகளின் செத்துப்போன போன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தது! சரியாகப் பன்னிரண்டரைக்கு! உடம்பெல்லாம் ஓடுவதற்குத் தயாராகிவிட்டது, எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை. பைக்கைச் சுற்றி இரண்டு முறை ஓடினேன்.

மனைவி திரும்பி வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. "இங்கயும் இல்ல போலிருக்கு. தேங்காயை வாசல்ல வச்சிட்டு வந்தாச்சு."

"பேசிட்டிருக்கு! போனு பேசிட்டிருக்கு!"

"ஆரு பேசுதா?"

"தெரியல்ல!"

மறுபடி அடித்தேன். மறுபடியும் பேச்சில்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அடித்தேன். இவ்வளவு நேரம் யார் என்ன பேசுகிறார்கள்? பாதி வழியில் பேச்சு நின்று மணி அடிக்க ஆரம்பித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து அடித்து என் போனில் சார்ஜ் தீர்ந்து அதுவும் கறுத்தது.

மகள் முன்வாசல் படியில் சான்றிதழ் கோப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைவாரி, பொட்டில்லாத நெற்றியில் பவுடர் போட்டு, யாரும் முகத்தைப் பார்க்காத ஒரு தேர்வுக்காக நல்ல சுடிதார் உடுத்தியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மூன்று பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் அதுவரை இருந்த உற்சாகம் வடிந்துவிட்டது.

"அந்தக் கடைசி வீட்டுலயாவது வண்டுன்னு சொல்லிக் கேட்டியா?" என்றேன்.

"எங்க கேக்க? அவங்க உள்ள ஆருகிட்டயோ போன்ல பேசிட்டு இருந்தாங்க. ஒரே சிரிப்பு. பாதி மலையாளத்துல. வெளிநாட்டுல உள்ள சொந்தக்காரங்க போல. ஒருத்தர் பேசுததைக் கேட்டுட்டு நிக்கப்பிடாதுல்லா, அதான் தேங்காயை வச்சிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவங்ககிட்ட ஏது போனு?" என்றார்.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பி, ஒவ்வொரு வீடாக மெதுவாக்கி, எங்கள் வாசலில் வந்து நின்றது. மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினார். ஐம்பதைக் கடந்த வயது. விரல் நுனிகள் கறுத்திருந்தன, வருடக்கணக்கில் அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை உடைத்த விரல்கள். வீட்டின் பெயர்ப்பலகையை வாய்விட்டு ஒருமுறை வாசித்தார்.

"இதுதானே? ஆராக்கும் நர்சுப் பிள்ளை?"

மகள் எழுந்து நின்றாள். கையை மட்டும் தூக்கினாள், வகுப்பில் பேர் கூப்பிட்டது போல.

அவர் பைக்குள் கையை விட்டார். உள்ளே தூக்குவாளி. அதற்குள் அரிசி. அதற்குள்ளிருந்து போனை எடுத்தார். "வழியில பல தடவை அடிச்சுது, நான் வெளிய எடுக்கல்ல. அரிசிக்குள்ளயே வச்சுக் கொண்டு போங்கன்னு அந்த அம்மாதான் சொன்னா," என்றார்.

"எந்த அம்மா?" என்று நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஒங்க கல்ஃப்காரி! பையைக் கவுத்தேன், டொம்முன்னு விழுந்துது. அரிசி போடுதவங்க போனும் போட ஆரம்பிச்சாச்சா, காலம் கொள்ளாமே, நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சேன். தொடச்சு, சைடுல உள்ளதை அமுக்கிப் பிடிச்சேன். வெளிச்சம் வந்துது. கொஞ்ச நேரத்துல அடிக்கவும் செய்து. எடுத்தா ஒருத்தி இங்கிலீஷ் பேசுதா. எனக்கு அறியாதும்மான்னேன். ஒடனே மலையாளத்துக்கு வந்துட்டா. திருவனந்தபுரத்துக்காரியாம். பிறகு என்ன!"

"என்ன கேட்டாங்க?" மகளின் குரல் கீச்சென்று வந்தது.

"எத்தனை வருசம் அனுபவம்னு கேட்டா. ஆறு வருசம்னேன். பொய்யில்லல்லா. எங்க வீட்டுக்காரரு கெடையில விழுந்து ஆறு வருசமாச்சு. இப்ப எத்தனை நோயாளியைப் பாக்குதீங்கன்னா. ஒருத்தருதான், ஆனா பத்தாளுக்கச் சோலி உண்டும்னேன். படுக்கைப் புண்ணு வராம என்ன செய்வீங்கன்னா. சொன்னேன், எழுதி எடுத்துக்கிட்டா. நோயாளி சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்வீங்கன்னா. 'அப்ப தின்னாண்டாம், பட்டினி கெடயும்'னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிருவேன், அஞ்சு நிமிசத்துல அவரே விளிப்பாருன்னேன். அந்தாக்குல அவளுக்குச் சிரிப்புத் தாங்கல்ல. பிறகு வயசைக் கேட்டா. அம்பத்தெட்டுன்னேன். அப்பந்தான் ரெண்டு பேருக்கும் காரியம் விளங்கிச்சு."

பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மனைவி தவித்தாள். "அக்கா, உள்ள வாங்க. உள்ள வச்சுப் பேசலாம்."

"என்னத்துக்கு உள்ள? நான் என்ன களவாண்டா கொண்டுவந்தேன்?" அவர் குரல் இன்னும் ஏறியது. "மாசாமாசம் ஒங்க சர்ச்சு அரிசிதான் எங்க வீட்டுல வேவுது. அவரைப் போட்டுட்டு அண்டியாபீசுக்குப் போவ முடியல்ல, ஒங்க அரிசி வருது, திங்கிதோம். இதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நீங்கதான் ஒளிச்சு ஒளிச்சு வந்து, பையை வச்சிட்டு ஒரே ஓட்டம். ஒருநாளாவது நின்னு ஒரு கட்டஞ்சாயா குடிச்சிருக்கியளா? இண்ணைக்கு வாசல்ல ஒரு தேங்காயும் கெடந்துது. அதை வச்சிட்டு ஓடின ஆளு ஆரு?"

டீச்சரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். இத்தனை வருடம் மூச்சுவிடாமல் காத்த ரகசியம் எங்கள் முற்றத்தில் கிடந்தது.

"நான்தான் அக்கா," என்றாள் மனைவி, மெல்ல. "அடுத்த மாசம் சாயா குடிக்கேன்."

"ரெண்டு பேரும் வரணும்," என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கு அவ திரும்ப விளிப்பா. சத்தியம் வாங்கியிருக்கேன். விலாசமும் அவதான் தந்தா, நீ எழுதிக் குடுத்ததுல உண்டுமாமே. அதுக்கு முந்தி வல்லதும் தின்னு. வெறும் வயித்தோட பேசினா குரல் நடுங்கும்."

மகள் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டு அழுதாள், இந்த முறை வாயைப் பொத்தாமல்.

"கடைசியில ஒண்ணு கேட்டா," என்றார் அவர். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பிள்ளை ஆளு எப்படின்னு. தங்கமான பிள்ளைன்னு சொல்லிப்போட்டேன். முன்ன பின்ன பாக்காத பிள்ளையைப் பத்தி இப்படிச் சொல்லியாச்சேன்னு ஆட்டோவில வரும்பம் பூரா எனக்கு ஒரே சங்கடம். ஏட்டி மக்கா, இஞ்ச வா. மொகத்தைக் காட்டு."

மகள் படியிறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அந்தக் கறுத்த விரல்களால் அவள் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார்.

"ம்," என்றார். "பொய்யில்ல."